16×2 எல்சிடி வாங்கப் போறீங்களா? பச்சையப் பாத்து எடுங்க

ஒரு வரிக்கு 16 எழுத்தா ரெண்டு வரி காட்டுற குட்டித் திரைதான் இந்த 16×2 எல்சிடி, நீலம் பச்சை எண்டு ரெண்டு கலர்ல வருது. கடையில ரெண்டும் பக்கத்துல பக்கத்துல எரிஞ்சு கிடந்தா ஆக்கள் நீலத்தத்தான் எடுப்பாங்க. வெள்ளை எழுத்து, கண்ணுக்கு வடிவு. பச்சை ஏதோ பழைய போட்டோகொப்பி மெஷின்ட முகம் மாதிரி இருக்கும். ஆனா பெட்டியில பூட்டி வளவுக்குள்ள வெச்சுப் பாவிக்கிற சாமானுக்கு எண்டா பச்சைதான். மட்டக்களப்பு டவுன்ல ஒரு எலெக்ட்ரோனிக்ஸ் கடையில ரெண்டு கலரும் வாங்கி, மாமாட குஞ்சு பொரிக்கிற பெட்டியிலயும் ஒரு தண்ணி மோட்டர் கண்ட்ரோலர்லயும் பூட்டிப் பாவிச்சுப் பாத்துட்டுத்தான் எழுதுறன். பின்னால ஐடூசி போர்ட் (ரெண்டே ரெண்டு தரவு வயர்ல திரைய ஓட்டுற குட்டிப் பலகை) ஒட்டி வாறது, ஒண்டு ஆயிரம் ரூபாய்க்குள்ள முடிஞ்சுது.

காரணம் இதுதான். நீலத்துல எழுத்து மட்டும்தான் வெளிச்சத்த விடும், மிச்சமெல்லாம் மறைச்சுரும், அதனால பின்னால இருக்கிற லைட் அணைஞ்சா ஒண்டுமே தெரியாது, லைட் எரிஞ்சாலும் வெயில் நேர அடிச்சா அதே கதிதான். பச்சை அப்பிடியில்ல, வெளியில இருந்து வாற வெளிச்சத்தையே திருப்பி அனுப்பும், வெயில் கூடக் கூட எழுத்து இன்னும் தெளிவாத் தெரியும். மாமா களுவாஞ்சிக்குடியில பெட்டிய விறாந்தையில வெச்சிருக்கார், பகல்ல நீலத்துல என்ன கிடக்கெண்டு கைய மறைச்சுப் பிடிச்சுத்தான் வாசிக்கணும். பச்சைக்கு மாத்தினதும் "லைட்டே வேணாம் மருமகன், இப்பிடியே கிடக்கட்டும்" எண்டார். சரியாத்தான் சொன்னார், ஏனெண்டா எழுத்துக்கு மட்டும் ஒண்டு ரெண்டு மில்லி அம்பியர்தான் போகுது, கரண்ட் தின்னுறது முழுக்க பின் லைட்டுதான். ஐடூசி போர்ட்ட ஓரத்துல ரெண்டு பின்ன இணைக்கிற ஒரு சின்ன மூடி, ஜம்பர் எண்டுவாங்க, இருக்கு, அதக் கழட்டினா லைட் போயிரும், எழுத்து அப்பிடியே இருக்கும். சோலார்ல பேட்டரியில ஓடுற சாமானுக்கு இது பெரிய விஷயம்.

உள்ளுக்க இருக்கிறது ஹிட்டாச்சி 1980கள்ல விட்ட எச்டி44780 சிப், இல்லாட்டி அதுட கட்டளையையே கேக்கிற வேற கொம்பனி சிப். 1983ல வந்த யமஹா டிஎக்ஸ்7 கீபோர்டுலயும் இப்பிடி 16 எழுத்து ரெண்டு வரிதான். பழைய ஃபேக்ஸ், பிரிண்டர், பெரிய யுபிஎஸ், 3டி பிரிண்டர் எண்டு எல்லாத்துலயும் இந்தச் சாதிதான் நிண்டு பிடிக்குது. வீட்டு கரண்ட் மீட்டர்ல இருக்கிறதும் இதுதான் எண்டு சில ஆக்கள் நினைக்கிறாங்க, அது வேற, அதுல இலக்கத்துக்கும் குறிக்கும் எண்டு அச்சடிச்ச கோடுகள்தான் எரியும், புதுசா ஒரு எழுத்துக் காட்டச் சொன்னா காட்டாது. இதுல ஒவ்வொரு கட்டமும் 5க்கு 8 புள்ளி, என்ன எழுதச் சொன்னாலும் எழுதும்.

தமிழைத் தவிர. சிப்புக்குள்ள இங்கிலிஷும் பெரும்பாலும் ஜப்பான் கட்டகானா எழுத்தும்தான் வருது. நாமளா புள்ளி வெச்சு எழுத்துச் செய்யலாம், ஆனா ஒரே நேரத்துல 8தான், 5 புள்ளி அகலத்துல "ணை"ய அடக்கிறதெல்லாம் நடக்கிற காரியமில்ல. நான் அந்த 8லயும் ஒரு துளி, ஒரு தெர்மோமீட்டர், ஒரு முட்டை எண்டு படம் செஞ்சு விட்டன், மாமாக்கு இங்கிலிஷ் தேவையில்ல, துளிக்குப் பக்கத்துல 60 எண்டா ஈரப்பதம் எண்டு விளங்கும். பாகைக்குறிக்கு மினக்கெட வேணாம், ஜப்பான் எழுத்து உள்ள சிப் எண்டா 223ஆம் இலக்க எழுத்த அனுப்பினா அதுவே வரும்.

இனி கரைச்சல்கள். பூட்டி கரண்ட் குடுத்ததும் மேல் வரியில கறுப்புக் கட்டமா 16 வந்து நிக்கும், சாமான் பழுது எண்டு திருப்பிக் குடுக்க ஓடாதீங்க, கண்ட்ரோலர்ல இருந்து திரைக்குக் கட்டளை இன்னும் போகல்ல எண்டுதான் அர்த்தம். ஒண்டுமே தெரியாட்டி பின்னால இருக்கிற நீலப் பெட்டி மாதிரி குட்டி ட்ரிம்மர, எழுத்துட கறுப்பக் கூட்டிக் குறைக்கிற திருகாணிய, மெல்லத் திருப்புங்க, கொஞ்சத்துல எழுத்து வந்துரும். அப்பவும் வரல்ல எண்டா கோட்ல குடுத்த ஐடூசி முகவரி பிழை. ஐடூசி போர்ட்ல இருக்கிற சிப் பிசிஎஃப்8574 எண்டா ஹெக்ஸ் 27, அதுட கடைசியில "ஏ" இருந்தா 3எஃப், கடைக்காரருக்கு இது தெரியாது, சிப்புக்கு மேல லென்ஸ் வெச்சு வாசிங்க.

ட்ரிம்மர மேசையில வெச்சுத் திருப்பிட்டு பெட்டியில பூட்டாதீங்க. வழக்கமா வாறது கீழ்ப்பக்கமிருந்து பாத்தாத்தான் தெளிவு, நிலத்துல இருக்கிற பெட்டிய நிண்டுகொண்டு மேல இருந்து பாத்தா எழுத்து மங்கிரும், அதனால எந்த இடத்துல நிண்டு பாப்பீங்களோ அங்க நிண்டு திருப்புங்க. கச்சான் காத்து அடிக்கிற காலத்துல மத்தியானத்துல எழுத்துக்குப் பின்னால கட்டம் கட்டமா கறுப்பு ஏறும், சூட்டுக்கு அப்பிடித்தான், மறுகா பொழுதுபட்டா தானாச் சரியாகும். நேர் வெயில்ல மட்டும் வெச்சிராதீங்க, சாதாரணமா வாறது சில 50 பாகைக்கு மேல தாங்காது.

பெரிய தலையிடி மோட்டர்லதான். மோட்டரப் போட்டு நிப்பாட்டுற சுவிட்சான ரிலே டக்கெண்டு விழுகிற நேரம் திரையில சீனன் எழுத்து மாதிரி கண்டபடி வரும், சிலநேரம் வெறுமையாப் போய் அப்பிடியே நிக்கும், ஆனா மோட்டர் ஒழுங்கா ஓடும். டிஸ்ப்ளே பழுதில்ல. அதுக்குப் போற தரவு 4 பிட் 4 பிட்டா வெட்டித்தான் போகுது, ரிலே அடிக்கிற நொய்ஸ்ல ஒரு துண்டு தவறினா அதுக்குப் பிறகு எல்லாம் பிசகிரும். வயர ஒரு அடிக்குள்ள வெச்சு, 5 வோல்ட் பக்கத்துல 100 நானோ ஃபரட் கப்பாசிட்டர் ஒண்டு ஈயத்தால ஒட்டி, மோட்டர் வயரத் தூர விலக்கினதும் குறைஞ்சுது, மிச்சத்துக்கு ஒவ்வொரு ரிலேக்கும் பிறகு திரைய மறுபடி முதல்ல இருந்து தொடங்கச் (இனிஷியலைஸ்) சொல்லி கோட்ல போட்டு விட்டன். கல்லடி, காத்தான்குடிப் பக்கம் கடலோரத்துல பூட்டுறவங்க பின்னுக்கு வார்னிஷ் பூசுங்க, உப்புக்காத்துல கறல் பிடிக்கும்.

இலக்கம் தெளிவாத் தெரியுதெண்டு அத நம்பிராதீங்க எண்டும் சொல்லணும். திரையில 37.5 எண்டு கிடக்கும், ஆனா அதக் குடுக்கிற டிஎச்டி22 சென்சர் அரைப் பாகை இஞ்சால அங்கால பிசகலாம், முட்டைக்கு அது விளையாட்டில்ல. காய்ச்சல் பாக்கிற தெர்மோமீட்டர் ஒண்ட உள்ள வெச்சு ஒத்துப் பாருங்க.

20×4 எடுக்கலாமா எண்டு கேக்கிறவங்களுக்கு: வெப்பம், ஈரம், நாள், ரிலே நிலை நாலும் ஒரே நேரத்துல வேணுமெண்டா எடுங்க, சிப்புட 80 எழுத்து ஞாபகத்துல அது சரியா அடங்கும். எழுதும்போது மட்டும் கவனம், முதலாவது வரி நிறைஞ்சா மிச்சம் ரெண்டாவதுக்கு வராது, மூண்டாவதுல போய் விழும், சிப்ட ஒழுங்கு அப்பிடி. ஈஎஸ்பி32 எண்ட கண்ட்ரோலர்ல பூட்டுறவங்க நடுவுல லெவல் ஷிஃப்டர் (வோல்ட்ட மாத்திக் குடுக்கிற குட்டிப் போர்ட்) ஒண்டு போடுங்க, அது 3.3 வோல்ட், இது 5.