மருந்துப் பெறுகை: மத்தியிலா, வைத்தியசாலையிலா?

2022 இல் இலங்கையில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் மருந்துகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, மத்திய பெறுகையை மட்டுமே நம்பியிருப்பதா, ஒவ்வோர் அரச வைத்தியசாலையும் தானே வாங்குவதா என்ற கேள்வி கொழும்பில் வலுத்தது.

விலை: சுகாதார அமைச்சின் மருத்துவ வழங்கல் பிரிவு நாடு முழுவதன் தேவையையும் திரட்ட, 1971 இல் தொடங்கப்பட்ட அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் கேள்விப்பத்திரம் கோரி மொத்தமாக வாங்குவதால் அலகு விலை குறைகிறது. சிறு தொகையாக வாங்கும் வைத்தியசாலைக்கு அந்தப் பேரம்பேசும் வலு இல்லை.

வேகம்: மத்திய பெறுகைக்கு மாதங்கள் செல்லும், வைத்தியசாலையே வாங்குவது சில நாட்களில் முடியும்.

தரம்: என் பார்வையில் இதுவே முதன்மையானது. குறைபாடுள்ள மருந்தொன்றை, ஒரே தடவையில் தயாரிக்கப்பட்டவற்றைக் குறிக்கும் தொகுதி இலக்கத்தைக் கொண்டு நாடெங்கிலுமிருந்து மீளப்பெறுவது மத்திய பெறுகையில் எளிது. கொள்வனவு சிதறினால் பதிவேடுகளும் சிதறும். ஆயினும், தேசிய மருந்துகள் ஒழுங்குமுறை அதிகாரசபையின் பதிவை அவசரத்தின் பெயரால் தவிர்ப்பது எவ்வழியிலும் ஆபத்தானதே, ஏனெனில் குப்பிக்குள் இருப்பதைச் சோதித்தறிய நோயாளிக்கு வழியேயில்லை.

ஆகவே இன்சுலின் போன்று இடையறாது தேவைப்படுபவற்றை மத்தியிலும், எதிர்பாராமல் தீர்ந்துவிட்டவற்றை மட்டும், செலுத்திய விலையைப் பகிரங்கப்படுத்தும் நிபந்தனையோடு, வைத்தியசாலையிலும் வாங்குவதே பொருத்தம்.