ஒரே மெலிண்டா, இரண்டு கதை

காரைக்குடி வீட்டு வளவில் லேப்டாப்பை வைத்து, அப்பத்தாவோடு ‘மெலிண்டா அண்ட் மெலிண்டா’ பார்த்தேன். 2004-இல் வந்த வுடி ஆலன் படம். நியூயார்க் உணவகமொன்றில் இரண்டு நாடகாசிரியர்கள் வாழ்க்கை சிரிப்பா, அழுகையா என்று வாதாடுகிறார்கள். விருந்து நடக்கும் வீட்டுக்குள் மெலிண்டா என்று ஒருத்தி அழைக்காமல் நுழைகிறாள். அதை ஒருவர் சோகமாகவும் இன்னொருவர் நகைச்சுவையாகவும் வளர்க்கிறார்கள். இரண்டிலும் மெலிண்டாவாக நடிப்பது ராதா மிட்செல்தான், சுற்றியிருப்பவர்கள் வேறு.

சோகப் பாதியில் பேச்சு அதிகம். பியானோ வாசிக்கும் சிவெட்டல் எஜியோஃபர் வந்ததும் கொஞ்சம் உயிர் வருகிறது. அவ்வளவுதான்.

சிரிப்புப் பாதியே எனக்குப் பிடித்தது. வில் ஃபெரல் வேலையில்லாத நடிகன், மெலிண்டாமேல் ஆசை, மனைவியிடம் சொல்லப் பயம். ஒருநாள் மனைவி வேறொருவனோடு இருப்பதைப் பார்த்துவிடுகிறான். இடிந்துபோக வேண்டியவன் முகத்தில் நிம்மதி! இதே காட்சியைச் சோகப் பாதியில் வைத்தால் குடும்பமே உடைந்திருக்கும். கதை ஒன்றுதான் என்றாலும் யார் வழியாகப் பார்க்கிறோம் என்பதில் எல்லாம் மாறிவிடுகிறது. (இரண்டு வகைக்கும் வித்தியாசம் போதவில்லை என்பது வேறு குறை.)

அப்பத்தாவின் கேள்வியே வேறு. “ரெண்டு வீட்லயும் வந்த பிள்ளைக்கு மொதல்ல சோறு போட்டாகளா ஆத்தா?”

சரிதான், நம் வீட்டில் என்றால் முதலில் இலை விழுந்திருக்கும். அழுகையெல்லாம் பணியாரத்துக்கு அப்புறம்.