வூகாமர்ஸில் மூன்று வருடம்: ஒரு சேலை, இரண்டு ஆர்டர்

சின்னாளப்பட்டியில் அத்தைக்குச் சுங்குடிச் சேலை வியாபாரம். "வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்பியே மாளலப்பா" என்று அவர் புலம்ப, 2022 கடைசியில் இணையதளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மேல், அதை ஆன்லைன் கடையாக்கும் வூகாமர்ஸ் போட்டு ஒரு கடை திறந்து கொடுத்தேன். இரண்டும் எழுதப்பட்ட நிரல்மொழியான பிஎச்பி எனக்குக் கொஞ்சம் தெரியும், வியாபாரம் சுத்தமாகத் தெரியாது. ஆனாலும் ஒரே வாரத்தில் கடை தயார். அந்த வேகத்தைப் பார்த்து எல்லாம் புரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

முதல் அடி ஸ்டாக்கில் விழுந்தது. கையால் முடிச்சுப் போட்ட சேலையில் டிசைனுக்கு ஒரு பீஸ்தான் இருக்கும். ஒருவர் ஆர்டர் போட்டுவிட்டுப் பணம் கட்டாமல் இருந்தால், வூகாமர்ஸ் அந்தப் பீஸை 60 நிமிடம் பிடித்து வைக்கும். அதுதான் அதன் இயல்பான அமைப்பு. அது அதிகம் என்று 10 நிமிடமாகக் குறைத்தேன். ஒரு நாள் ஒருவர் யுபிஐயில் பணம் கட்டிய கையோடு பிரவுசரை மூடிவிட்டார். பணத்தை வாங்கித் தரும் சேவையான பேமென்ட் கேட்வேயின் சர்வர் நம் சர்வருக்குத் தனியாகச் செய்தி அனுப்பும் வெப்ஹூக்கை நான் அமைத்திருக்கவில்லை. பணம் வந்தது கடைக்குத் தெரியாமலே ஆர்டர் ரத்தானது. சேலையை இன்னொருவர் வாங்கிவிட்டார். "ரெண்டு பேரும் காசு கட்டியாச்சு, நான் சேலையக் கிழிச்சா குடுக்க?" என்றார் அத்தை. ஆர்டர் வேறு, பேமென்ட் வேறு, இரண்டுக்கும் தனித்தனி நிலை உண்டு என்பது அன்றைக்குத்தான் மண்டையில் ஏறியது.

இன்னொன்று: குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாகச் செய்ய வேர்ட்பிரஸில் இருக்கும் கிரான் உண்மையான கடிகாரம் இல்லை. யாராவது தளத்துக்கு வந்தால்தான் ஓடும். ராத்திரி ஆள் வராவிட்டால், ரத்தாக வேண்டிய ஆர்டர் விடியும்வரை ரத்தாகாமல் அப்படியே நிற்கும். ஆள் வராவிட்டாலும் நேரத்துக்கு ஓடும் சர்வர் கிரானுக்கு மாற்றிய பிறகுதான் சரியானது.

அடுத்தது கணக்கு. 1200 ரூபாய்ச் சேலை. அதற்குள்ளேயே 5% ஜிஎஸ்டி 57 ரூபாய். எங்கள் கேட்வே கட்டணம் 2%, அதன் மேல் 18% ஜிஎஸ்டி, ஆக 28. நெசவாளருக்கு 820, கூரியரும் பேக்கிங்கும் 85. கையில் நிற்பது 210. கேஷ் ஆன் டெலிவரியில் ஒருவர் "வேண்டாம்" என்று திருப்பி அனுப்பினால் போக வர 150 போய்விடும். முதல் ஆறு மாதம் விற்பனைத் தொகையை மட்டும் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

கூரியர் எடையிலும் ஏமாந்தேன். சேலை அரைக் கிலோ. அழகாக இருக்கட்டுமென்று 30, 25, 10 சென்டிமீட்டர் அட்டைப்பெட்டியில் வைத்தால், மூன்றையும் பெருக்கி 5000ஆல் வகுத்து 1.5 கிலோவுக்குக் காசு கேட்பார்கள். இப்போது மடித்துத் தபால் கவரில் போடுகிறோம்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: வேகத்துக்காக, பக்கங்களின் நகலைச் சேமித்து வைத்துக் காட்டும் கேஷ் (cache) ப்ளகின், அதாவது கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள், போட்டால் கார்ட், செக்அவுட், மை அக்கவுண்ட் பக்கங்களை அதிலிருந்து விலக்கிவிடுங்கள். இல்லையென்றால் ஒருவருடைய கூடை இன்னொருவர் திரையில் தெரியலாம். முன்பு வூகாமர்ஸ் ஆர்டர்கள், வலைப்பதிவுகள் இருக்கும் அதே டேட்டாபேஸ் டேபிளில்தான் சேமிக்கப்பட்டன. 2023 அக்டோபரில் வந்த வூகாமர்ஸ் 8.2 பதிப்பு முதல் புதிய கடைகளுக்குத் தனி டேபிள்கள்தான் இயல்பு. பழைய கடையை மாற்றும் முன் ப்ளகின்கள் ஒத்துப்போகுமா என்று பாருங்கள். 27 ப்ளகினில் தொடங்கிய நான் இப்போது 9இல் நிற்கிறேன், போனவற்றில் ஒன்றைக்கூடத் தேடியதில்லை.

மறுபடி தொடங்கினாலும் வூகாமர்ஸையேதான் எடுப்பேன். டேட்டா நம்முடையது, நிரலைத் திறந்து பார்க்கலாம். இன்னும் தீராதது நிறம்தான். அத்தை காலை எட்டு மணி வெயிலில் மொட்டைமாடிக் கொடியில் போட்டுத்தான் படம் எடுக்கிறார். ஆனாலும் மாதம் இரண்டு பேராவது "போன்ல பார்த்த அரக்கு இது இல்லையே" என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.