வீட்டில் எலீசன் லெப்கூகன்: மணி அச்சு, ஒப்லாட்டன், மசாலாப் பொட்டலம் – ஒரு மதிப்பீடு

ஜெர்மனியின் பல்பொருள் அங்காடிகளில் கோடை முடியும் முன்பே லெப்கூகன் என்னும் கிறிஸ்துமஸ் கால மசாலாப் பலகாரத்தின் பெட்டிகள் அடுக்கப்பட்டுவிடுகின்றன. அதே பலகாரத்தை வீட்டில் சுட விரும்புவோர்க்கான தனிப் பொருட்கள் இலையுதிர் காலத்தில்தான் ஒவ்வொன்றாக அலமாரிக்கு வரும். அவற்றில் மூன்றை மட்டும் இங்கே மதிப்பிட விரும்புகிறேன்: மாவை வடிவமைக்கும் மணி அச்சு, மாவுக்கு அடியில் வைக்கும் ஒப்லாட்டன் என்னும் உண்ணத்தக்க மெல்லிய வட்டம், கலந்து அரைத்துப் பொட்டலமாக விற்கப்படும் லெப்கூகன் மசாலா. முதல் இரண்டையும் தயங்காமல் வாங்கலாம். மூன்றாவதை வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து, அதற்குச் சுவை மட்டும் காரணமன்று.

எலீசன் லெப்கூகன் என்பது லெப்கூகன் வகைகளிலேயே உயர்தரமானது. நியூரம்பெர்க் நகரத்தோடு பிணைந்த பெயர் அது. புனித ரோமப் பேரரசின் காலத்தில் அந்நகரைச் சுற்றியிருந்த காடுகளிலிருந்து தேன் கிடைத்தது. நகரம் பெரும் வணிகப் பாதைகள் சந்திக்கும் இடத்தில் இருந்ததால் கிழக்கிலிருந்து மிளகும் கிராம்பும் ஏலமும் அங்கு வந்து சேர்ந்தன. லெப்கூகன் சுடுவோர் 1643இல் தமக்கெனத் தனித் தொழிற்சங்கம் பெற்றதும் அங்கேதான். நியூரம்பெர்க் லெப்கூகன் என்ற பெயர் 1996 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பைப் பெற்றிருக்கிறது, ஆகவே நகர எல்லைக்கு வெளியே சுட்டதை அப்பெயரில் விற்க இயலாது. எலீசன் என்ற தரத்துக்கு ஜெர்மானிய உணவு வழிகாட்டு நெறிகள் வேறோர் அளவுகோலை வைத்திருக்கின்றன. பாதாம், ஹேசல்நட், வால்நட் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ சேர்ந்து மாவில் குறைந்தது 25 விழுக்காடு இருக்க வேண்டும், தானிய மாவு 10 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது. வீட்டுக் குறிப்புகள் பெரும்பாலும் தானிய மாவை அறவே தவிர்த்துவிடுகின்றன. நான் பின்பற்றும் அளவு இது: நான்கு முட்டை, 200 கிராம் சர்க்கரை, பாதாமும் ஹேசல்நட்டும் சரிபாதியாக அரைத்த 400 கிராம், சர்க்கரைப் பாகில் ஊறிய, ஆரஞ்சு போன்ற பழங்களின் தோல் 200 கிராம், மசாலா 15 கிராம்.

தானிய மாவு இல்லாததால் இந்தக் கலவையைப் பிசையவோ தேய்க்கவோ அச்சால் வெட்டவோ முடியாது. கரண்டியில் எடுத்தால் ஒட்டும், தட்டில் நேராக வைத்தால் பரவி அடியில் பிடித்துக்கொள்ளும். ஒப்லாட்டன் இதற்காகவே இருக்கிறது. கோதுமை மாவையும் தண்ணீரையும் கரைத்து, சூடான இரு இரும்புத் தகடுகளுக்கு நடுவே ஊற்றிச் சுட்டெடுக்கும், தாளைப் போன்ற வெண்ணிற வட்டம் அது. தேவாலய வழிபாட்டில் வழங்கப்படும் அப்பத்தின் நெருங்கிய உறவு. மடாலயங்களின் அடுப்படியில் கையருகே இருந்த அந்த அப்பத்தின் மேல் துறவியர் மாவை வைத்துச் சுட்டதிலிருந்தே இம்முறை பிறந்தது என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. தனக்கெனச் சுவை ஏதும் இல்லாத இந்த வட்டம் அடுப்பில் இரண்டு வேலைகளைச் செய்கிறது: மாவு தட்டில் ஒட்டாமல் காக்கிறது, வெப்பம் அடியிலிருந்து நேராகத் தாக்கி உலர்த்துவதையும் தடுக்கிறது. சுட்டு முடித்தபின் அது பலகாரத்தோடு ஒன்றிவிடுவதால் உரித்தெடுக்க வேண்டியதில்லை, அப்படியே உண்ணலாம்.

கடைகளில் 40, 50, 70, 90 மில்லிமீட்டர் விட்டங்களில் ஒப்லாட்டன் கிடைக்கிறது. வீட்டுக்கு 70தான் பொருத்தம். 40இல் சுட்டால் மாவு சிறிதாக இருப்பதால் நடுப்பகுதி ஈரத்தை இழந்துவிடுகிறது, எலீசன் லெப்கூகனின் சிறப்பே அந்த ஈரமான நடுப்பகுதிதான். 90 மில்லிமீட்டர் அங்காடியில் விற்கும் பெரிய லெப்கூகனின் அளவு, ஆனால் பல மசாலாக்களும் கொட்டைகளும் செறிந்த ஒன்றை ஒருவர் முழுதாக உண்டு முடிப்பது கடினம். வாங்கும்போது பொட்டலத்தை ஒளியில் பிடித்துப் பாருங்கள். விளிம்பு உடைந்த வட்டங்களில் மாவு வழிந்து தட்டில் கருகும். திறந்த பொட்டலத்தை ஈரம் படாத டப்பாவில் மூடி வைத்தால் அடுத்த ஆண்டுக்கும் உதவும், ஈரம் பட்டால் சுருண்டு பயனற்றுப் போகும். ஓர் எச்சரிக்கையும் அவசியம். மாவே சேர்க்காத பலகாரம் என்று நம்பி, குளூட்டன் ஒவ்வாதவர்களுக்கு இதைக் கொடுத்துவிடக் கூடாது, ஏனெனில் அடியிலுள்ள வட்டம் கோதுமையால் ஆனது. உருளைக்கிழங்கு மாவுச்சத்தில் செய்த மாற்று வட்டங்கள் தனியாக விற்கப்படுகின்றன, அப்படிப்பட்ட விருந்தினர் வருவதாக இருந்தால் அவற்றையே தேடி வாங்க வேண்டும்.

அடுத்தது மணி அச்சு. ஜெர்மானியர் இதை லெப்கூகன் மணி என்றே அழைக்கின்றனர். தலைகீழாகப் பிடித்தால் ஆழமற்ற ஒரு கிண்ணம், நேராகப் பிடித்தால் கைப்பிடியுள்ள சிறு குவிமாடம். கிண்ணத்தின் உட்சுவரை ஒட்டி ஒரு மெல்லிய தகடு வளைந்து கிடக்கிறது. மாவைக் கிண்ணத்தில் நிரப்பி மேற்பரப்பைக் கத்தியால் வழித்து மட்டமாக்க வேண்டும். அதன்மேல் ஒப்லாட்டனை வைத்து மெதுவாக அழுத்திக் கவிழ்த்தபின் கைப்பிடியைத் திருகினால், உள்ளிருக்கும் தகடு சுவரைச் சுற்றி வந்து மாவை விடுவிக்கும். ஒப்லாட்டனின் விளிம்புவரை சீராகச் சரியும் குவிந்த வட்டம் தட்டில் நிற்கும். அதன் விட்டமும் ஒப்லாட்டனின் விட்டமும் ஒன்றாக இருப்பது கட்டாயம், ஆகவே இரண்டையும் ஒரே நாளில், அளவைச் சரிபார்த்து வாங்குவது நல்லது.

வடிவம் அழகுக்காக மட்டும் என்றால் இந்தக் கருவியை நான் பரிந்துரைக்க மாட்டேன். மாவைத் தட்டையாகப் பரப்பிச் சுட்டால் விளிம்பும் நடுவும் ஒரே வேகத்தில் உலர்ந்து, முழுவதும் ஒரே இறுக்கத்துக்கு வந்துவிடும். குவிந்த வடிவத்தில் விளிம்பு முதலில் வெந்து பிடித்துக்கொள்ள, தடித்த நடுப்பகுதி ஈரத்தைக் காத்துக்கொள்கிறது. கைதேர்ந்த பேக்கரிக்காரர் ஒரு கத்தியை வைத்தே இந்தச் சரிவை உருவாக்கிவிடுவார். ஆண்டுக்கு ஒருமுறை சுடும் நமக்கு அந்தக் கைப்பழக்கம் இருப்பதில்லை. ஐஸ்கிரீம் கரண்டியால் வைத்துப் பார்த்ததில் உருண்டை உயரமாக நின்று, நடுவே வேகாமல் விளிம்பில் வெற்று ஒப்லாட்டன் கருகியது. மணியில் வைத்த ஒவ்வொன்றும் ஏறத்தாழ 45 கிராம் என்ற ஒரே எடையில் அமைவதால், தட்டில் உள்ள அனைத்தும் ஒரே நேரத்தில் வேகின்றன. மேலே சொன்ன அளவுக்கு 23 லெப்கூகன் கிடைக்கும்.

உலோக மணிக்கும் பிளாஸ்டிக் மணிக்கும் இடையே நான் உலோகத்தையே தேர்ந்தெடுப்பேன். நான் பயன்படுத்திய ஒரு பிளாஸ்டிக் மணியில் உட்தகடு வளைந்து கொடுத்ததால், கொட்டைத் துருவல் மிகுந்த கெட்டியான மாவை முழுமையாக விடுவிக்க முடியாமல் குவிமாடத்தின் உச்சியில் குழி விழுந்தது. உலோக மணியில் அந்தத் தொல்லை இல்லை. எதுவானாலும் ஒவ்வொரு முறை நிரப்பும் முன்பும் குளிர்ந்த தண்ணீரில் முக்கி உதறிவிட வேண்டும். சொட்டும் ஈரம் ஒப்லாட்டனைக் கரைத்துவிடும் என்பதால் உதறுவது முக்கியம். கழுவும்போது தகட்டுக்கும் சுவருக்கும் நடுவே சிக்கும் கொட்டைத் துகள்களை எடுப்பது சற்றுச் சிரமம், பழைய பல்துலக்கி ஒன்று இருந்தால் போதும். இந்தக் கருவிக்கு வேறு பயன் கிடையாது என்று ஒதுக்குபவர்களின் வாதத்தை நான் மறுக்கவில்லை. ஆண்டுதோறும் சுடும் எண்ணம் உள்ளவர்கள் மட்டும் வாங்கினால் போதும்.

இனி மசாலாப் பொட்டலம். பொதுவாக 15 கிராம் அளவில், ஒருமுறை சுடுவதற்குக் கணக்காக வருகிறது. பட்டை, கிராம்பு, ஆல்ஸ்பைஸ் (மிளகு போன்ற உலர்ந்த காய்), கொத்தமல்லி விதை, ஏலக்காய், சுக்கு, சோம்பு அல்லது அன்னாசிப்பூ, ஜாதிக்காய், ஜாதிபத்திரி ஆகியவை அதில் இருக்கும். பிரித்தவுடன் எழும் மணம் ஏமாற்றுவதில்லை என்றாலும் சுட்டு ஒரு வாரம் கழித்துச் சுவைத்தால் பட்டையின் இனிப்பும் கிராம்பின் கடுமையும் மட்டுமே நிற்கின்றன. ஏலக்காயும் ஜாதிபத்திரியும் முன்பே அரைபட்டுக் காத்திருந்ததில் தம் மணத்தை இழந்துவிட்டிருக்கின்றன.

ஆனால் என் முதன்மையான மறுப்பு பட்டையைப் பற்றியது. பொட்டலத்தின் மேல் வெறுமனே பட்டை என்று அச்சிட்டிருந்தால் அது மலிவான காசியாப் பட்டையாக இருக்கவே வாய்ப்பு அதிகம், இலங்கைக் கறுவா சேர்ப்போர் அதைப் பெருமையோடு குறிப்பிட்டுவிடுவர். காசியாவில் கூமரின் என்னும் இயற்கைச் சேர்மம் மிகுதி. கூருணர்வுள்ளவர்களுக்கு அது கல்லீரலைப் பாதிக்கக் கூடியது. 2006இல் கிறிஸ்துமஸ் பட்டைப் பிஸ்கட்டுகளில் கூமரின் அளவு அதிகமாகக் காணப்பட்டபோது ஜெர்மனியில் அது பெரிய பேச்சாயிற்று. ஜெர்மானியக் கூட்டாட்சி இடர் மதிப்பீட்டு நிறுவனம், உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் என்பதை நாள்தோறும் ஏற்கத்தக்க அளவாகக் கொள்கிறது. ஒரு கிலோ காசியாவில் சராசரியாக 3 கிராம் கூமரின் இருப்பதாக வைத்து அவர்கள் கணக்கிட்டபடி, 60 கிலோ எடையுள்ள பெரியவர் 2 கிராம் காசியாவிலும், 15 கிலோ எடையுள்ள குழந்தை அரை கிராமிலும் அந்த எல்லையைத் தொட்டுவிடுகின்றனர். நம் கலவையின் 15 கிராம் மசாலாவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பட்டை. அதை 23ஆகப் பகிர்ந்தால் ஒவ்வொரு லெப்கூகனிலும் 0.4 கிராமுக்கு மேல் வருகிறது. அதாவது ஒரு சிறு குழந்தை ஒன்றை உண்டு இரண்டாவதற்குக் கை நீட்டும்போதே எல்லையைக் கடந்துவிடுகிறது. சில நாட்கள் அளவு கூடினால் உடனே கேடு விளையும் என்பதில்லை, அச்சுறுத்துவது என் நோக்கமும் அன்று. ஆனால் டிசம்பர் முழுவதும் டப்பா மேசைமேல் திறந்திருக்கும் வீட்டில் இதைக் கவனத்தில் கொள்வது நியாயமே. இலங்கைக் கறுவாவில் கூமரின் மிகச் சிறிதளவே இருப்பதால் இந்தக் கணக்கே தேவைப்படாது.

ஜெர்மனியின் நகரங்களில் ஈழத்தமிழர் நடத்தும் பலசரக்குக் கடைகளில் நல்ல கறுவா குச்சிகளாகக் கிடைக்கிறது. காசியா தடித்த ஒற்றைச் சுருளாக, கடினமாக இருக்கும். கறுவாவோ மெல்லிய பல அடுக்குகளைச் சேர்த்துச் சுருட்டிய சுருட்டைப் போல இருக்கும், விரலால் அழுத்தினாலே நொறுங்கும். பொடியாக வாங்கினால் இரண்டையும் கண்ணால் பிரித்தறிய முடியாது என்பதால் குச்சியாகவே வாங்க வேண்டும். என் கலவையில் கறுவா 35 கிராம், கிராம்பு 9 கிராம், ஆல்ஸ்பைஸ், ஜாதிக்காய், கொத்தமல்லி விதை, ஏலக்காய், சுக்கு ஒவ்வொன்றும் 2 கிராம், ஜாதிபத்திரி 1 கிராம். சோம்பை நான் தவிர்ப்பது என் விருப்பம் மட்டுமே. இந்த மசாலாக்களை வறுக்க வேண்டாம். நம் சமையலில் வறுத்துப் பொடிப்பது இயல்பான பழக்கம்தான், ஆனால் இங்கே வறுத்த மணம் கொட்டைகளின் மென்மையான சுவையை அமுக்கிவிடும். பச்சையாகவே அரைத்து, சலித்து, இரண்டு மூன்று நாட்களுக்குள் பயன்படுத்துவது சிறந்தது.

பழத்தோலைப் பொறுத்தவரை, சதுரத் துண்டுகளாக நறுக்கி விற்பது வெறும் இனிப்பாக இருக்கும். பாதிப் பழத் தோலாகக் கிடைத்தால் அதை வாங்கி நீங்களே பொடியாக நறுக்குங்கள்.

வடிவமைத்த லெப்கூகனை உடனே அடுப்பில் வைக்கக் கூடாது. சில மணி நேரம், முடிந்தால் இரவு முழுவதும், அறையிலேயே திறந்து வைத்தால் மேற்பரப்பில் மெல்லிய தோல் படியும். அது உள்ளிருக்கும் ஈரத்தை மூடிக் காக்கும். மேலும் கீழும் சூடு வரும் அடுப்பில் 170 டிகிரியில் 20 நிமிடம் போதும், விசிறி அடுப்பு என்றால் 150. அழுத்திப் பார்க்கும்போது நடுவில் மென்மையாக இருக்கும் நிலையிலேயே எடுத்துவிட வேண்டும், ஆறியபின் தானாக இறுகிக்கொள்ளும். மேலே ஏதும் பூசாமலோ, சர்க்கரைப் பாகு பூசியோ, கறுப்புச் சாக்லேட் பூசியோ முடிக்கலாம். நியூரம்பெர்க் பெட்டிகளிலும் இம்மூன்றும் கலந்தே வரும். எனக்குச் சாக்லேட் பூசியது பிடிக்கும், அதன் கசப்பு சர்க்கரையைத் தணிக்கிறது. தகர டப்பாவில் அடுக்கி, ஓர் ஆப்பிள் துண்டை உடன் வைத்து, அதை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றிவந்தால் ஒரு வாரத்துக்குள் கிராம்பின் காரம் அடங்கி ஏலமும் ஆரஞ்சுத் தோலும் மேலெழும். ஆகவே கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு அட்வென்ட் ஞாயிறுகளில் முதலாவதன்று பரிமாற விரும்புவோர் நவம்பர் நடுப்பகுதியிலேயே சுட்டுவிடுவது நல்லது. அந்த நேரத்தில்தான் 70 மில்லிமீட்டர் ஒப்லாட்டன் அலமாரியிலிருந்து முதலில் தீர்ந்துபோகிறது என்பதால், மணியையும் வட்டங்களையும் அக்டோபரிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.