முகப்பேர் பேன்யன்: நேரில் பார்த்ததைச் சொல்கிறேன்

போன மாதம் சேலை, போர்வை கொடுப்பதற்காக சென்னை முகப்பேரில் இருக்கும் பேன்யனுக்குப் போயிருந்தேன். 1993-ல் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்ற இரண்டு இளம்பெண்கள், மனநோயோடு தெருவில் திரிந்த பெண்களுக்காக ஆரம்பித்த அமைப்பு. அங்கே ஒரு அம்மா என் பையைத் தானே பிரித்து, நீலச் சேலையின் முந்தானையை விரலால் தடவிப் பார்த்து, "இது எனக்கு" என்று எடுத்துக்கொண்டார், பக்கத்தில் நின்ற ஊழியர் "சரிங்கம்மா, உங்களுக்குத்தான்" என்றார், அவ்வளவுதான். என் பெரியம்மாவை முன்பு ஒரு ஆஸ்பத்திரியில் காட்டியபோது எல்லாக் கேள்வியும் எங்களிடம்தான், அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வலி இன்னும் இருக்கிறது.

எனக்கு ரொம்பப் பிடித்தது அவர்களுடைய 'ஹோம் அகெய்ன்' (மறுபடியும் வீடு) என்ற திட்டம். குடும்பத்துக்குத் திரும்ப முடியாதவர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து, சாதாரணத் தெருவில், சாதாரண வீட்டில் இருக்கிறார்கள், துணைக்கு ஆளும் உண்டு. குணமானபிறகும் போக இடமில்லாமல் வருஷக்கணக்காக வார்டிலேயே கிடப்பவர்களை நினைத்தால் இது எவ்வளவு பெரிய விஷயம்!

ஏதாவது கொடுக்க நினைத்தால் முதலில் போன் செய்து என்ன தேவை என்று கேளுங்கள். அப்புறம், கிழிந்த துணியைத் தயவுசெய்து கொண்டுபோகாதீர்கள்.