கேன் தண்ணீர் ஊற்றினால் ஆவி வராது

ஆவி பிடிக்கும் மெஷின் பாதி விலைக்கு வந்திருக்கிறது, வாங்கலாமா என்று ஆத்தூர் நண்பர் கேட்டிருந்தார். சைனஸ் தலைவலிக்காக நான் பல வருடமாக அதை வைத்திருப்பது அவருக்குத் தெரியும். ஒரு வரியில் பதில் சொல்ல முடியாத சமாச்சாரம் அது.

எனக்கு வேலை ஏற்காட்டில், வீடு சேலத்தில். சளி பிடித்திருக்கும் நாளில் அந்த 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுவதைவிட இறங்குவதுதான் கொடுமை. சுமார் 1,500 மீட்டர் உயரத்திலிருந்து கீழே வர வர வெளிக்காற்றின் அழுத்தம் கூடுகிறது. அடைத்துக்கொண்ட சைனஸ் அறைக்குள் காற்று போய்ச் சமன் செய்ய வழியில்லை. அஸ்தம்பட்டி வருவதற்குள் புருவத்துக்கு மேலே யாரோ கட்டைவிரலால் அழுத்துகிற வலி. வீட்டுக்கு வந்து பத்து நிமிடம் ஆவி பிடித்தால் அது இறங்கும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எரிச்சல் தண்ணீரில்தான். இந்த மலிவு மெஷின்களில் பெரும்பாலும் சூடாக்கும் காயில் கிடையாது. இரண்டு உலோகத் தகடுகள், நடுவில் தண்ணீர். மின்சாரம் தண்ணீருக்குள்ளேயே பாய்ந்து அதைக் கொதிக்க வைக்கிறது. தண்ணீரில் கரைந்த உப்பு இருந்தால்தான் அது பாயும். கேன் தண்ணீர் ஊற்றினால் மெஷின் சும்மா உட்கார்ந்திருக்கும். சிட்டிகை உப்பு போடச் சொல்கிறது அட்டைப்பெட்டி. யாருடைய சிட்டிகை? கொஞ்சம் கூடினால் நுரைத்துப் பொங்கி, கொதிநீரை முகத்தில் துப்புகிறது. எங்கள் போர் தண்ணீருக்கோ உப்பே தேவையில்லை, ஊற்றியதும் ஆடத் தொடங்கிவிடும். தகட்டில் வெள்ளையாகப் படியும் உப்பை எலுமிச்சைச் சாறு ஊற்றித் தேய்க்க வேண்டும். மேட்டூர்த் தண்ணீர் வரும் நாளில் மட்டும் இரண்டு சிட்டிகையில் ஒழுங்காக நடந்துகொள்ளும். தலைவலியோடு நிற்பவன் தண்ணீர்ப் பரிசோதனையா செய்துகொண்டிருப்பான்?

நொச்சி இலையை இதில் போட முடியாது, தகட்டில் ஒட்டிக்கொள்ளும். அம்மாவுக்கு அதனாலேயே இதைப் பிடிக்காது. “அது வெறும் சுடுதண்ணி கண்ணு” என்பார். வேலியோரம் ஒடித்த நொச்சியும் மஞ்சள்தூளும் போட்ட பானை, மேலே கம்பளி: அந்த வாசனைக்கும் வியர்வைக்கும் இந்த பிளாஸ்டிக் டப்பா ஈடில்லைதான். ஆனால் கொதிக்கும் பானை மடியில் சாய்ந்தால் என்ன ஆகும்? குழந்தைகள் இருக்கும் வீட்டில் எனக்கு அது பயம். மெஷினும் சாயும் என்பது வேறு விஷயம். தண்ணீர் தீர்ந்ததும் தானே நின்றுவிடும், அந்த ஒரு நல்ல குணம் உண்டு. ப்ளக்கைப் பிடுங்காமல் மட்டும் மூடியைத் திறக்காதீர்கள்.

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2016இல் வெளியான ஒரு பிரிட்டன் ஆய்வில், ஆவி பிடித்தவர்களுக்குத் தலைவலி குறைந்தது, மற்ற சைனஸ் தொல்லைகளில் பெரிய மாற்றமில்லை. உப்புநீரால் மூக்கைக் கழுவியவர்களுக்குத்தான் ஓரளவு பலன் தெரிந்தது. என் அனுபவமும் அதேதான்: வலி போகும், அடைப்பு காலையில் திரும்பி வரும். கழுவுவதென்றால் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில் மட்டும், கால் லிட்டருக்குக் கால் முதல் அரை டீஸ்பூன் உப்பு. குழாய்த் தண்ணீரை அப்படியே மூக்கில் விடக் கூடாது. அதில் மூளைக்கு ஏறும் அமீபா இருந்தால் உயிருக்கே ஆபத்து. வெளிச்சம் பட்டால் கூசுகிறது, குமட்டுகிறது என்றால் அது சைனஸே இல்லாமல் ஒற்றைத் தலைவலியாக இருக்கலாம். கண் வீங்கினாலோ காய்ச்சல் விடாமல் அடித்தாலோ டாக்டரிடம்தான் போக வேண்டும்.

சரி, வாங்கலாமா? வேண்டாம். நேற்றும் அது என் கன்னத்தில் துப்பியது. என்னுடையதை இரவல் கேட்டாலும் கொடுக்க மாட்டேன், மழைக்காலம் வருகிறது. பாதி விலையென்று மனசு கேட்கவில்லையானால், உங்கள் தெருக் குழாயில் என்ன தண்ணீர் வருகிறதென்று முதலில் சொல்லுங்கள், அப்புறம் பேசலாம்.