பொலிஸில் "சமாதானம்" என்று ஒப்பம் வைக்க முதல்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் வீட்டில் அடிவாங்கி முறைப்பாட்டுக்குப் போகிற பெண்கள் ஏமாறும் இடம் அநேகமாக ஒன்றுதான். முறைப்பாட்டுப் புத்தகத்தில் "குடும்பத் தகராறு, இருவரும் சமாதானம்" என்று எழுதி ஒப்பம் வாங்கிவிடுவார்கள். "அடிக்கிற கைதான் புள்ள அணைக்கும்" என்ற புத்திமதி இலவசம். அடித்த ஆளைக் கூப்பிட்டு, இரண்டு பேரையும் ஒரே வாங்கில் இருத்தி எச்சரித்து, ஒரே ஓட்டோவில் அனுப்பிவிட்டால் அவர்களுக்கு வேலை முடிந்தது. அடுத்த முறை அடி விழும்போது "போன தடவை நீதானே சமாதானம் என்றாய்" என்று அதே ஒப்பத்தைத் தூக்கிக் காட்டுவார்கள்.

அம்பாறையில் இன்னொரு சிக்கலும் உண்டு. வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்படும், வாசித்து விளங்கப்படுத்தாமலே ஒப்பம் கேட்பார்கள். தமிழில் முறையிட உங்களுக்கு அரசியலமைப்பிலேயே உரிமை இருக்கிறது. விளங்காத தாளில் ஒப்பம் வைக்காதீங்க. முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் கேட்டு எழுதிக்கொண்டுதான் வெளியே வரவேண்டும்.

ஏற்கனவே ஒப்பம் வைத்திருந்தாலும் வழி அடைபட்டுவிடவில்லை. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். ஏறாவூரில் அடிவாங்கி, களுவாஞ்சிக்குடியில் தாய் வீட்டில் வந்து இருப்பவர் களுவாஞ்சிக்குடி நீதிமன்றத்திலேயே விண்ணப்பிக்கலாம். பாதிக்கப்பட்டவர் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரே விண்ணப்பம் போடவும் சட்டம் இடம் தருகிறது. "வழக்கு வேணுமெண்டா நீங்களே லோயரப் பிடிங்க" என்று கைகழுவுவது இதைத் தெரியாததால் அல்லது தெரிந்தும் தட்டிக் கழிப்பதால். சட்டத்தரணிக்குப் பணம் இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போகலாம்.

மத்தியஸ்த சபையில் கடிதம் எடுத்து வரச் சொன்னால் நம்பவேண்டாம், இந்தக் கட்டளைக்கு அது தேவையில்லை. முஸ்லிம் பெண்களிடம் "காதிக்கிட்டப் போங்க" என்பார்கள். முஸ்லிம் விவாக நீதிபதியான காதி பார்ப்பது விவாகரத்தும் தாபரிப்பும். அடியைத் தடுக்கிற கட்டளை நீதவானிடம்தான் இருக்கிறது, எல்லாச் சமூகத்துக்கும் சட்டம் ஒன்றுதான்.

நிலைமை அவசரம் என்று நீதவான் கண்டால் இடைக்காலக் கட்டளை உடனே கிடைக்கும். விசாரணை 14 நாளுக்குள் வைக்கப்படவேண்டும். அதன்பின் தரும் கட்டளை கூடியது 12 மாதம். முடிய முதலே நீடிக்கக் கேட்கவேண்டும். மீறினால் 10,000 ரூபா வரை தண்டம், அல்லது ஒரு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும்.

அதிகம் கோட்டைவிடுவது வீட்டு விஷயத்தில். எங்கட பக்கம் வீடு பெரும்பாலும் பெண்ணுக்குச் சீதனம். உறுதி அவள் பெயரில், வந்து குடியேறியவர் மாப்பிள்ளை. ஆனால் நடுச்சாமத்தில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிடுவது அவள். "கொஞ்ச நாளைக்கு அம்மா வீட்டில இருங்க" என்று அதிகாரிகளும் அவளைத்தான் கிளப்புவார்கள். அவரை அந்த வீட்டுக்குள் வராமல் தடுக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. வேலைத்தலம், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் ஆகியவற்றுக்கு வராமலும், உங்களோடு தொடர்புகொள்ளாமலும் தடுக்கலாம். அவசரச் செலவுக்குப் பணம் கேட்கலாம். வீடு அவர் பெயரில் என்றால் அதை விற்று உங்களைத் தெருவில் விடாமல் தடுக்கவும் கேட்கலாம். விண்ணப்பத்தில் "அடிக்கக் கூடாது" என்று ஒற்றை வரி மட்டும் இருந்தால் கிடைப்பதும் அவ்வளவுதான். எழுதுகிறவர் பக்கத்தில் இருந்து ஒவ்வொன்றாகச் சொல்லி எழுதுவியுங்க.

ஆஸ்பத்திரியில் "படியில விழுந்திட்டன்" என்று சொன்னால் அதுவே நோயாளியின் குறிப்பில் ஏறும். பிறகு நீதிமன்றத்தில் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான். யார், எதால், எங்கே அடித்தார் என்று நேராகச் சொல்லி, சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனையைக் கேளுங்க. கண்டல் முதல் நாள் சிவப்பாகத்தான் தெரியும். இரண்டு மூன்று நாளில் கறுத்துத் திரளும், அப்போதும் படம் எடுக்கவேண்டும். கழுத்தை நெரித்திருந்தால் வெளியே அடையாளமே இல்லாமலும் இருக்கலாம். குரல் கரகரத்தல், எச்சில் விழுங்க நோவு, கண் வெள்ளையில் சிவப்புப் புள்ளி இருந்தால் கட்டாயம் சொல்லுங்க, அது உயிராபத்து. அரச வைத்தியசாலைகள் பலவற்றில் வீட்டில் அடிவாங்கும் பெண்களுக்கென்றே 'நட்பு நிலையம்' இருக்கிறது. வெளிநோயாளர் பிரிவில் அதைக் காட்டி அனுப்ப ஆளில்லாததால் பலர் மருந்தோடு திரும்பிவிடுகிறார்கள்.

கட்டளை கிடைத்த பிறகும் ஒரு ஓட்டை இருக்கிறது. நீதிமன்றத்திலிருந்து பொலிஸுக்குப் பிரதி போய்ச் சேர்ந்திருக்காது; அவர் கேற்றடியில் நிற்கும்போது 119க்கு எடுத்தால் "எங்களுக்குக் கட்டளை வரல்ல" என்பார்கள். அத்தாட்சிப்படுத்திய பிரதிகள் கூடுதலாக எடுத்து, ஒன்றை பொலிஸ் நிலையத்தின் சிறுவர் மகளிர் பிரிவில் கொடுத்து, உங்கள் பிரதியில் திகதியோடு ஒப்பம் வாங்குங்க. அறிவித்தல் கையளிக்க அவருடைய வீட்டு விலாசத்தோடு வேலைத்தல விலாசமும் கொடுத்தால் தவணை இழுபடுவது குறையும்.

பொலிஸில் இதையெல்லாம் சரிசெய்வதற்குப் பெரிய திட்டம் ஒன்றும் வேண்டியதில்லை. இரண்டு பேரையும் வேறுவேறாக விசாரிக்க ஒரு அறை, இரவிலும் தமிழ் பேசும் பெண் உத்தியோகத்தர், கட்டளை உள்ளவர்களின் பட்டியல் தொலைபேசி மேசையிலேயே. பிரதேச செயலகத்தின் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தருக்கு ஒவ்வொரு முறைப்பாட்டையும் அன்றைக்கே அறிவித்தால் பாதித் தலையிடி குறையும். இப்போது பல இடங்களில் அந்தப் பெண் தானாகப் போய்ச் சொன்னால்தான் அவருக்கே தெரியவருகிறது.

பொலிஸ் முறைப்பாட்டை எடுக்க மறுத்தால் அழைக்கவேண்டிய தொலைபேசி இலக்கங்கள்: தேசிய பொலிஸ் ஆணைக்குழு 1960, மனித உரிமைகள் ஆணைக்குழு 1996. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. எடுத்த பிறகு போனில் அழைப்புப் பதிவை அழித்துவிடுங்க, அவர் போனைத் தடவிப் பார்க்கிற ஆள் என்றால் பக்கத்து வீட்டுப் போனிலேயே எடுங்க.